20 ரூபா பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டு அடிச்சுக்கலாமா?

வணக்கம் மக்களே! கேமரா ஆடும், கண்டுக்காதீங்க, ஸ்டாண்டு இன்னும் அதே செல்லோ டேப்புலதான் நிக்குது. பிரியாணி வீடியோ இன்னைக்கு கிடையாது. செம கடுப்புல இருக்கேன்.

என் சித்தி பையன், பொங்கல் வீடியோல முழங்கால்ல கரும்பு உடைச்சுக் காட்டினானே, அவன்தான். வயசு 22. கிரிக்கெட் டீம்ல ஒருத்தனோட வாய்த்தகராறு. "ஒண்டிக்கு ஒண்டி வா"ன்னு நாள் குறிச்சு, "எனக்கு எது நடந்தாலும் நானே பொறுப்பு"ன்னு பத்திரத்துல ரெண்டு பேரும் கையெழுத்து! அந்த 20 ரூபா பத்திரத்தை 50 ரூபாய்க்கு வாங்கியிருக்கான் மக்களே! கேட்டா, "சில்லறை இல்லன்னாங்கக்கா"ங்கறான். வக்கீல் ஆபீஸ்ல மூணு வருஷமா பத்திரத்தோட குடும்பம் நடத்தறவ நான், ஒரு போன் பண்ணக்கூடாதா? 30 ரூபா! அடிதடியை விட இதுதான் எனக்கு வயிறு எரியுது.

சரி, அது செல்லுமா? பாரதிய நியாய சன்ஹிதா, அதான் இப்போ இருக்கற குற்றவியல் சட்டம், அதுல 25-வது பிரிவு. பழைய சட்டமான ஐபிசில இது 87. 18 வயசு தாண்டினவங்க சம்மதிச்சு காயம் பட்டா குற்றமில்ல. ஆனா உயிர் போறதோ கொடுங்காயமோ நோக்கமா இருக்கக்கூடாது, அப்படி ஆகலாம்னு தெரிஞ்சிருக்கவும் கூடாது. 116-வது பிரிவைப் பாருங்க, எலும்பு முறிஞ்சாலும் கொடுங்காயம், ஒரு பல்லு உடைஞ்சாலும் கொடுங்காயம்தான். வேணும்னே பண்ணியிருந்தா ஜெயில் 7 வருஷம் வரைக்கும் போகும். நம்மாளு "தாடையைப் பேத்துடறேன்"னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் வேற அனுப்பியிருக்கான். அப்புறம் நோக்கம் இல்லன்னு யார் நம்புவா? அந்தப் பத்திரம் இவனுக்கு எதிரா இவனே எழுதிக் குடுத்த சாட்சி.

கனடால சட்பரின்னு ஒரு ஊர். 1986-ல பார் வாசல்ல இப்படித்தான் பேசி வச்சு மோதி, ஒருத்தர் செத்தே போயிட்டாரு. அந்த மாதிரி சண்டைல சம்மதம் செல்லாதுன்னு 1991-ல அங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன்! மொட்டை மாடியிலதான் சண்டைன்னு பிளான். சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட. அதனால தெருமுனைக்கு வந்துட்டானுங்க. பொது இடத்துல அடிச்சுக்கிட்டு அமைதியைக் கெடுத்தா 194-வது பிரிவு. ஒரு மாசம் வரை ஜெயில், இல்ல 1000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். பழைய சட்டத்துல 100 ரூபாதான் இருந்துச்சு. இதுலயும் விலைவாசி!

இப்ப கை. சுண்டுவிரலுக்குக் கீழ எலும்பு முறிவு. பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்னு பேராம், அதுல வேற அவனுக்குப் பெருமை. ஆனா டாக்டரம்மா பயந்தது எலும்புக்கு இல்ல. விரல் முட்டியில ஒரு அரிசி நீளத்துக்கு வெட்டு. இவன் மஞ்சளை அப்பிட்டு சும்மா இருந்திருக்கான். மூணாம் நாள் விரல் வெண்டைக்காயாட்டம் விறைச்சு, மடக்க முடியல. "பல்லு பட்டுதா?"ன்னு கேட்டாங்க. "பைக்ல விழுந்தேன்"ங்கறான்! வாயில இருக்கற கிருமி மூட்டுக்குள்ள போனா மூட்டே கெட்டுடும், அன்னைக்கே வந்திருக்கணும்னு விட்டாங்க பாருங்க ஒரு டோஸ்.

பத்திரம் இப்போ என்கிட்டதான் இருக்கு. இருங்க, காட்டறேன்... பின்பக்கம் என்னடா எழுதியிருக்குன்னு பார்த்தா, சித்தி மளிகை லிஸ்ட் போட்டிருக்காங்க. துவரம்பருப்பு அரை கிலோ.