வானம் தோண்டுவது முதல் தளம் போடும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டும்போது இன்று செய்த வேலையை நாளைய வேலை மூடிவிடும். கம்பியைக் கான்கிரீட் மூடும், பில்லரின் அடியில் போடும் கான்கிரீட் பாதமான ஃபுட்டிங்கை மண் மூடும், மண்ணைத் தரை மூடும். பூச்சு சரியில்லையென்றால் கொத்திவிட்டுத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். பூமிக்குள் போன பிழையை அப்படித் திருத்த முடியாது. அதனால், பில்லரும் பீமும் தாங்குகிற ஒரு கான்கிரீட் வீட்டில், எந்தெந்த இடத்தில் வேலையைச் சற்று நிறுத்திப் பார்த்துவிட்டு மேலே போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

மனையைச் சீர்செய்வது என்றால் செடிகொடிகளை வெட்டித் தள்ளுவதோடு முடிவதில்லை. மேல்மண்ணை 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை வழித்தெடுக்க வேண்டும். வேரும் தழையும் கலந்த அந்த மண் மக்க மக்க உள்வாங்கும். மேலே போட்ட தரையும் கூடவே இறங்கும். மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டையையும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். அடுத்தது மண் பரிசோதனை. பக்கத்து வீடு நன்றாகத்தானே நிற்கிறது என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பத்தடி தள்ளி மண் வேறாக இருக்கலாம். பழைய குட்டையைத் தூர்த்த இடமாகவும் இருக்கலாம். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதற்கான அஸ்திவாரமே வேறு.

பிறகு நூல் பிடித்து மூலை சேர்ப்பது. ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து குறித்தால், குறுக்கே சரியாக 5 மீட்டர் வர வேண்டும். வந்தால் அது நேர்மூலை. ஆனால் 3, 4, 5 மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், முழு வீட்டுக்கும் மூலைவிட்டம் அளந்து பாருங்கள். 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் உள்ள வீட்டுக்கு இரண்டு மூலைவிட்டமும் 15 மீட்டர் காட்ட வேண்டும். மூலை ஒரே ஒரு டிகிரி பிசகினாலும், 12 மீட்டர் போய்ச் சேரும்போது சுவர் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் விலகி நிற்கும். முளைகளை, தோண்டப்போகும் குழிக்கு ஒரு மீட்டராவது வெளியே அடியுங்கள். குழியோரத்தில் அடித்த முளை மண்ணோடு சரிந்துவிடும். பில்லரின் சென்டர் எங்கே என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும்போது டிராயிங்கில் சொன்ன ஆழத்துக்குத் தோண்டி, அடியில் கைபடாத கெட்டி மண் தெரிகிறதா என்று பாருங்கள். கூடுதலாகத் தோண்டிவிட்டால், அள்ளிய மண்ணையே திரும்பப் போட்டு மட்டம் செய்வது பெரிய தவறு. அந்த இடத்தைக் கான்கிரீட் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். மழைத் தண்ணீர் நின்றிருந்தால், தண்ணீரை இறைத்தபின் குழைந்த சேற்றையும் வழித்தெடுங்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். அந்தப் பாரம்தான் பக்கவாட்டைச் சரிய வைக்கும். உள்ளே ஆள் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

குழியில் முதலில் பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட்: சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் 75 முதல் 100 மில்லிமீட்டர். அதன்மேல் ஃபுட்டிங்குக்கான கம்பி மேட், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிகள். மேட்டுக்கு அடியில், அதைத் தூக்கிப் பிடிக்கிற கட்டையான 50 மில்லிமீட்டர் கவர் பிளாக். கல்லையோ செங்கல் துண்டையோ வைத்து ஒப்பேற்ற விடாதீர்கள். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும், கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டையே உள்ளிருந்து பிளந்துவிடும்.

பில்லரில் எல்லோரும் நெடுக்குக் கம்பியைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். நான் அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையமான ரிங்கைப் பாருங்கள் என்பேன். நெடுக்குக் கம்பி வெளிப்பக்கம் வளைந்து பிதுங்காமல் கட்டிப் பிடிப்பது ரிங்தான். அதன் முனை 135 டிகிரிக்கு மடிந்து பில்லரின் உள்ளே போக வேண்டும். வேலை சுலபம் என்று 90 டிகிரியில் மடக்கினால், நிலநடுக்கம் போன்ற அதிர்ச்சியில் மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துவிடும். பீம் வந்து சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகளை நெருக்கமாகக் கட்ட வேண்டும். கம்பிகளை ஒட்டுப் போடும்போது, டிராயிங் வேறு சொல்லாவிட்டால், கம்பியின் விட்டத்தைப் போல 50 மடங்கு நீளம் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 600 மில்லிமீட்டர். எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில் ஒட்டு வரக்கூடாது.

இப்போது கலவை. 1:1½:3 என்றால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு, அதாவது 50 கிலோவுக்கு, 35 லிட்டர் கொள்ளும் பெட்டியால் மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. சட்டியால் அள்ளிப் போட்டால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். இதைவிட முக்கியம் தண்ணீர். மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சினால் 27. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள வரவில்லை என்று ஒரு வாளி தண்ணீரைச் சாய்ப்பார்கள். வேலை லேசாகும்தான். ஆனால் சிமெண்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கும். வலுவும் குறையும், ஈரமும் உள்ளே ஏறும்.

பில்லரில் கான்கிரீட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். ஜல்லி முதலில் போய் அடியில் தங்கும், சிமெண்ட் பால் பின்னால் வரும். பலகையைக் கழற்றினால் அடியில் தேன்கூடு மாதிரி ஜல்லி பல்லிளிக்கும். சிமெண்ட் பூசி அதை மறைக்கிற வழக்கம் மிகவும் ஆபத்தானது. பொறியாளர் பார்க்காமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. கான்கிரீட்டை அதிர வைத்துக் கெட்டிக்கிற வைப்ரேட்டரின் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக உருவ வேண்டும்.

தரைமட்டத்தில் பில்லர்களை இணைக்கும் பிளிந்த் பீம் முடிந்ததும் உள்ளே மண் நிரப்பும்போது, 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகப் போட்டு, நனைத்து, கெட்டித்துக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் லாரி லாரியாகக் கொட்டி மேலே மட்டும் தண்ணீர் விட்டால், குடிபோன பிறகு அடியில் மண் இறங்கி, தட்டினால் தரை வெற்றோசை எழுப்பும்.

மேல்தளத்துக்கு வருவோம். சென்ட்ரிங் முட்டுகள், அதாவது கான்கிரீட் இறுகும்வரை பலகையைத் தாங்குகிற கம்புகள், மண்ணின் மேல் நேராக நிற்காமல் கனமான பலகையின் மேல் நிற்க வேண்டும். பால்கனி, சன்ஷேடு போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். கான்கிரீட் சுமக்கிறவர்கள் அதன்மேல் நடந்து நடந்து அது கீழே அமுங்கிவிட்டால், கம்பி இருந்தும் இல்லாத கதைதான். முட்டுகளை எடுத்த அன்றே பால்கனி விழக்கூடும். கம்பிக்கு அடியில் சேர், அதாவது அதைத் தாங்க வளைத்த கம்பித் துண்டு, வைத்து, நடக்கத் தனிப்பலகை போடுங்கள்.

தளம் போட்டபின் குறைந்தது 7 நாள், கடும் வெயிலிலும் சாம்பல் போன்றவை கலந்த கலப்பு சிமெண்டிலும் 10 நாள் தண்ணீர் கட்டுங்கள். பில்லருக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள். முட்டு எடுப்பதற்கு, தாங்கும் இடங்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை உள்ள தளமென்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். எடுக்கும்போது தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். பால்கனிக்கு நீட்டிய முனையிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும்.

வணக்கம்.