பாட்டு வந்தது, ஊர் வரவில்லை

(கேரள, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள குமுளியில் வானொலி நேயர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

என் கையில் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. ஐம்பது பைசா அட்டை. அணக்கரைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் குடியிருக்கும் அம்மா ஒருவர் வானொலி நிலையத்துக்கு எழுதியது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். இருந்தவை இரண்டே பிழைகள்தான். அவருடைய வருத்தம் இது: நேயர் விருப்பத்தில் அவர் கேட்ட பாட்டைப் போட்டார்கள், ஆனால் அறிவிப்பாளர் அணக்கரையை ஆனைக்கரை என்று வாசித்துவிட்டார். பாட்டு வந்துவிட்டது, ஊர்தான் வரவில்லை என்று எழுதி முடித்திருக்கிறார்.

இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மதுரையில் இருப்பவருக்குத் தன் ஊர்ப் பெயரைக் காட்டப் பேருந்துப் பலகை உண்டு, நாளிதழ் உண்டு. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் ஒரு பெண்ணின் ஊர், தமிழில் நாலு பேர் காதில் விழும் இடம் அந்த அரை மணி நேரம்தான்.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது நாகர்கோவிலும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. தேவிகுளமும் நம் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்த நாகர்கோவிலில்தான் 1984 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கியது. உள்ளூர்க்காரர் பேசி உள்ளூர்க்காரர் கேட்பது என்ற எண்ணம் எல்லைச் சீமையில்தான் முதலில் வேர்விட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

நமக்குக் கிடைப்பவை அரசுப் பண்பலை நிலையங்களான கொடைக்கானலின் 100.5, தேவிகுளத்தின் 101.4. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் அலை. நடுவே மலை நின்றால் அங்கேயே மடிந்துவிடும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால்தான் அது கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து நம் சரிவு வரைக்கும் எட்டுகிறது. மலைமுகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் வெறும் இரைச்சல். எந்த மரத்தின் எந்தக் கிளையில் பெட்டியைத் தொங்கவிட்டால் கேட்கும் என்பது நம் பெண்களுக்கு அத்துப்படி. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பெட்டி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்ட பேட்டரி. இத்தனை பாடுபட்டுக் கேட்கிறவர்களுக்கு, கேட்டதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை இல்லையா?

சில வாரங்களாகப் பலரிடமும் விசாரித்தேன். அநேகமாக எல்லோரும் சொன்ன குறை ஒன்று: பல்லவி தொடங்கும் முன்பு வரும் இசையின் மேலேயே பேசிவிடுகிறார்கள். பாட்டை எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் சொல்வது குறைந்துவிட்டது என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த காது இது. அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல்கூடத் தேய்ந்து விழாது. ராஜேஸ்வரி சண்முகம் வணக்கம் சொன்னால் நம் வீட்டு முற்றத்தில் நின்று சொல்வது போலிருக்கும். கடல் கடந்து வந்த அந்தக் குரல்கள் நெருக்கமாக இருந்தன. மலைக்கு அந்தப் பக்கத்துக் குரல் ஏன் தூரமாகிவிட்டது?

அதற்கு ஒரு காரணம் உண்டு. தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. வார இறுதியில் நாம் கேட்கும் குரல்கள் பலவும் அகில இந்திய வானொலியின் தற்காலிக அறிவிப்பாளர்களுடையவை. மாதத்துக்கு ஆறு பணிக்கு மேல் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. இந்த ஞாயிறு பிடித்துப்போன குரல் அடுத்த ஞாயிறு காணாமல் போவது அதனால்தான். ஊர்ப் பெயர்கள் நாவில் படியும் முன்பே ஆள் மாறிவிடுகிறார். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலையும் பார்த்துக்கொண்டு, வானொலி மேல் உள்ள ஆசையால் வந்து உட்காரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களைத் திட்டி எழுத வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே குரலைத் தொடர்ந்து கொடுங்கள் என்று நிலையத்தைக் கேட்போம்.

இன்னொன்றையும் நான் மறக்க முடியாது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோயர் கேம்ப் அருகே ஒரு ஜீப்புக்குள் பதினோரு பேரோடு உட்கார்ந்திருந்தேன். கூரையில் மழை கொட்டுகிறது. கைபேசியில் சிக்னல் இல்லை. ஓட்டுநர் வானொலியைப் போட்டார். முன்னரே பதிவு செய்து வைத்த குரல், இதமான இளவெயில் காலை என்று நம்மை வாழ்த்தியது. கைக்குழந்தையோடு இருந்த பெண் ஓட்டுநரின் தோளைத் தொட்டு, அதை அணைத்துவிடுங்கள் அண்ணா என்றாள். அந்த நிலையத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. தனியார் பண்பலைகளுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லாத நாட்டில், பாதை அடைபட்டிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை அரசு வானொலிதான் தமிழிலும் சொல்லியாக வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தில் ஓர் ஆள் ஒலிவாங்கி முன்னால் உயிரோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நேரலை. நம் பக்கத்து ஊர்களைச் சொல்லிப் பழகிய ஒருவர். இங்கே தமிழ்வழிப் பள்ளிகளில் அழகாக வாசிக்கும் பெண்கள் எத்தனையோ பேர் படித்து முடித்திருக்கிறார்கள். குரல் தேர்வு அறிவிப்பு வரும்போது அவர்களை அனுப்பி வையுங்கள். பஸ் செலவு என் பொறுப்பு.

வாசல் மேசையில் அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறோம். எழுத வராதவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில், ஓர் எழுத்தும் குழம்பாமல் எழுதுங்கள். அணக்கரை அம்மாவின் அட்டைதான் முதலில் போகிறது.