மாமரத்துச் சிலந்தியின் ஒன்பதாவது கால்: வீட்டுத் தோட்டத்தில் மேக்ரோ

[திரையில்: மாமரப் பட்டையின் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஓர் எறும்பு. பத்து நொடி அசையாமல் நிற்கட்டும்.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எங்கள் பக்கத்து மாமரங்களில் கை வைத்த இடமெல்லாம் இருக்கும் முசுறுதானே? இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் புழுக்களிடமிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பெறும்பு. சரி, இப்போது கால்களை எண்ணுங்கள்.

[திரையில்: கால்களின் மேல் 1 முதல் 8 வரை எண்கள், ஒவ்வொன்றாக.]

எட்டு. எறும்புக்கு ஆறுதான். உணர்கொம்பு என்று நாம் நினைத்தது முன்னங்கால்கள். அவற்றைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கிறது. முசுறு மாதிரி வேடம் கட்டித் திரியும் தாவும் சிலந்தி இது. மிர்மாப்லாட்டா பிளாட்டலியாய்டஸ் என்பது அறிவியல் பெயர். வாயில் நுழையாது, விடுங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒற்றைப் பெங்களூரா மாமரம் நிற்கிறது. அதில் எறும்பு என்று நினைத்துத்தான் இதைப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது, முகத்தில் இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

இப்படிச் சின்னதை மிக நெருக்கத்தில் பெரிதாக எடுப்பதுதான் மேக்ரோ. அதற்குப் பூச்சி வேண்டுமென்றால் மருந்தடிக்காத செடி வேண்டும். பூப்பிடிக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்காக மருந்தடித்த தோப்புக்குள் கேமராவோடு போவதில் அர்த்தமில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிடக்கும் புழு, வேலியோர எருக்கு இலையின் அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இட்டுப்போன முட்டை, இவை போதும், ஒரு மாதம் ஓடும்.

[திரையில்: கேமரா, லென்ஸ், முன்னால் கவ்விய கண்ணாடி.]

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா, கூடவே 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். தனி மேக்ரோ லென்ஸ் கிடையாது. முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர் 250 என்ற குளோசப் கண்ணாடியைக் கவ்வ விட்டிருக்கிறேன். கணக்கு ரொம்ப எளிது. அந்தக் கண்ணாடியின் குவியத் தூரம் 125 மி.மீ. லென்ஸின் ஃபோகஸைக் கடைசித் தொலைவில் நிறுத்தி, ஜூமை 125-க்குத் திருப்பினால், 125-ஐ 125-ஆல் வகுக்க 1. அதாவது, 10 மி.மீ. சிலந்தி, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் 10 மி.மீ. நீளத்துக்கே விழும். ஜூமை 250-க்குக் கொண்டுபோனால் இரண்டு மடங்கு. ஆனால் எந்த ஜூமிலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 12 செ.மீ.தான். அரைச் சாண் தூரத்தில் முசுறு இருக்கும் கிளையைக் கையால் பிடிக்காதீர்கள். கடிப்பதோடு விடாது, கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். என் முழங்கைக்குத் தெரியும்.

இனி உண்மையான தொல்லை. இந்த அளவுக்குப் பெரிதாக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நாலு ஏ4 தாளை அடுக்கிப் பாருங்கள், அவ்வளவு தடிமன்தான். சிலந்தியின் கண் அந்தத் தடிமனுக்குள் வந்தால் படம். இல்லாவிட்டால் வெறும் முதுகு. எஃப் 22-க்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஏற்றினால் ஒளி அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் சிதறி, படம் முழுக்க மழுங்கிவிடும். அதனால் நான் எஃப் 11-ஐத் தாண்டுவதில்லை.

ஃபோகஸ் வளையத்தையும் தொடுவதில்லை. மூச்சை விட்டு, உடம்பையே ஒரு நூல் முன்னே சாய்த்து, கண் தெளியும் நொடியில் அழுத்துவேன். இருபதில் ஒன்று தேறினால் அன்றைக்கு நல்ல நாள். ஆடி மாதத்தில் அதுவும் கிடையாது. அம்மி பறக்கிற காற்றில் மாவிலை சும்மா நிற்குமா? ஒரு குச்சியை மண்ணில் நட்டு, துணி மாட்டும் கிளிப்பால் காம்பைக் கவ்விவிட்டால் ஓரளவு நிற்கும். மார்கழி, தை காலை ஏழு மணிக்குள் போவதுதான் சுகம். குளிரில் பூச்சிகளுக்கே உடம்பு வணங்காது, மெதுவாக நகரும்.

[திரையில்: ஒரே சிலந்தி, இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

இடது பக்கம் வெறும் ஃபிளாஷ். வலது பக்கம் அதே ஃபிளாஷ்தான், முன்னால் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் இருக்கிறது. லென்ஸ், செட்டிங் எதுவும் மாறவில்லை: எஃப் 11, 1/200 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 200. இடது படத்தில் முதுகு எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கிறது, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி குத்துகிறது. வலது படத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. புது மிக்ஸியைச் சுற்றி வந்த வெள்ளை நுரைத்தாள் இரண்டு மடிப்பு, உள்ளே டிரேசிங் பேப்பர் ஒன்று. அதுதான் டிஃப்யூசர். லென்ஸின் மேல் வளைந்து, பூச்சியின் தலைக்கு மேலேயே கூரை மாதிரி நீள வேண்டும். கண்ணில் தெரியும் வெளிச்சத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், உங்கள் டிஃப்யூசரின் வடிவம் அப்படியே அதில் இருக்கும். லென்ஸில் காசைக் கொட்டுவதற்கு முன் இந்த நுரைத்தாளோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இன்னொன்று: இந்த செட்டிங்கில் மர நிழலில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் கிட்டத்தட்டக் கறுப்பு. அதனால் படத்தை உண்டாக்குவது ஃபிளாஷ் மின்னும் அந்தக் கணம் மட்டும்தான். பவரைக் குறைத்தால் அந்த மின்னல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கும். கை நடுங்கினாலும் தெரியாது. பின்னணி இருட்டிவிட்டால் பின்னால் ஒரு மாவிலையைப் பிடியுங்கள், பச்சை வந்துவிடும்.

[திரையில்: எடிட்டிங் திரை.]

எடிட்டிங்குக்கு வருவோம். கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் ரா ஃபைலாக எடுங்கள். டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், அது போதும். நான் முதலில் செய்த தப்பு, செம்பழுப்பு நிறம் எடுப்பாக இருக்கட்டும் என்று சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றியது. பிரகாச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்பதைக் கவனிக்கவில்லை. சிவப்பு நிரம்பி வழிந்த இடத்தில் முடியும் இல்லை, தோலின் சொரசொரப்பும் இல்லை. பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிட்டது. இப்போது சிவப்பின் பிரகாசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன். ஓரங்களைக் கூராக்கும் ஷார்ப்பனிங்கை முகத்துக்கும் காலுக்கும் மட்டும் கொடுங்கள். மங்கலான பின்னணிக்கும் சேர்த்துக் கொடுத்தால் ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாகிவிடும்.

ஒரு படத்தில் கண் மட்டும்தான் தெளிவு, உடம்பு முழுக்க வேண்டுமே என்று ஆசை வரும். அதற்குத்தான் ஸ்டாக்கிங். கொஞ்சம் கொஞ்சமாக ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் சேர்த்து ஒன்றாக்குவது. ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் என்று காசு கொடுத்து வாங்குபவை உண்டு. ஹியூஜின் என்ற இலவச மென்பொருளோடு வரும் கருவிகளை வைத்துச் சும்மாவும் செய்யலாம். நான் 14 படங்களை அடுக்கினேன். வந்தது இதுதான்.

[திரையில்: அடுக்கிய படம். கால்களின் மேல் 1 முதல் 9 வரை எண்கள்.]

ஒன்பது! ஐந்தாவது படத்துக்கும் ஒன்பதாவது படத்துக்கும் நடுவில் சிலந்தி முன்னங்காலை ஆட்டியிருக்கிறது. மென்பொருளுக்கு என்ன தெரியும்? தெளிவாக இருந்த இரண்டையும் வைத்துக்கொண்டது. உற்றுப் பார்த்தால் ஒன்று பேய் மாதிரி லேசாக, பின்னால் இருக்கும் பட்டை தெரியும்படி இருக்கிறது. சரிசெய்ய, ஐந்தாவது படத்தை அடியில் வைத்து, முன்னங்கால் இருக்கும் இடத்தை மட்டும் அதிலிருந்து பிரஷ்ஷால் எடுத்துப் பூச வேண்டும். கால் ஓரங்களில் வரும் வெளிறிய வளையத்துக்கும் இதே வைத்தியம். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. உயிரோடு நடமாடும் பூச்சிக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மேல் அடுக்குவது வீண் வேலை என்பது என் கருத்து. பதினாலெல்லாம் அசையாத முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஒட்டியிருந்த மகரந்தத்தையும் நூலிழையையும் நான் துடைக்கவில்லை. அது சிலந்தியோடு வந்தது. மேல் மூலையில் இருந்த சாம்பல் புள்ளி சென்சார் தூசி, அதை எடுத்துவிட்டேன். படத்தின் கீழே '14 படங்களின் அடுக்கு, முன்னங்கால் ஒரே படத்திலிருந்து' என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், கண்ணைச் சுற்றியுள்ள அந்தச் சின்ன முடிகள்தான் முதலில் குழையும்.