அடம் பிடிக்கும் வயது

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் கல்வி, ஒழுக்கம், எதிர்காலம் என்று பெரிய சொற்களோடு தொடங்குவது வழக்கம். பெற்றோரை அன்றாடம் களைப்படையச் செய்பவையோ மிகச் சிறியவை: சட்டை போட மறுப்பது, தட்டைத் தள்ளிவிடுவது, பல் துலக்காமல் ஓடுவது, விளக்கை அணைத்த பிறகு தண்ணீர் கேட்பது. இவற்றுள் அடத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேசுகிறேன். மற்றவற்றில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

ஒன்றரை வயதையொட்டித் தலைகாட்டும் அடம், இரண்டு மூன்று வயதில் உச்சத்தை எட்டி, நான்கு வயதுக்குப் பின் பெரும்பாலான குழந்தைகளிடம் தணிகிறது. அந்த வயதில் விருப்பங்கள் வளரும் வேகத்தில், அவற்றைச் சொல்லும் மொழியோ காத்திருக்கும் பொறுமையோ வளர்வதில்லை. உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தரையில் புரண்டு அழும் இரண்டு வயதுக் குழந்தை நம்மைச் சோதிப்பதற்காகவே அழுகிறது என்று கோபப்படுவதில் பொருளில்லை என்பது விளங்கும். அழுகையின் உச்சத்தில் எந்த அறிவுரையும் காதில் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அருகிலேயே இருந்து, குறைவாகப் பேசினால் போதும். பொது இடமாக இருந்தால் இது கடினந்தான்; அங்கே நம்மைப் பதறவைப்பது பல நேரங்களில் குழந்தையின் அழுகையல்ல, திரும்பிப் பார்ப்பவர்களின் முகங்கள்.

அழுகையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதால், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று ஆகிவிடாது. ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை சலிப்பில் கொடுத்துவிட்டால், பத்து முறை அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் நடத்தை எளிதில் மறைவதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டு செய்த சோதனைகளில் காட்டியிருக்கிறார். எப்படியும் கொடுக்கப்போகும் பொருளை முதல் முறை கேட்கும்போதே முகம் கோணாமல் கொடுத்துவிடுவது மேல் என்பது என் கருத்து. மறுப்புகள் குறைவாக இருந்தால்தான் அவற்றில் உறுதியாக நிற்க முடியும். அப்படி நிற்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் அழுகை குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். வழி தவறிவிட்டதோ என்று பயந்து பலரும் கைவிடுவது அந்த நாட்களில்தான்.

உணவில் இதே இழுபறி வேறு வடிவில் வருகிறது. புதிய உணவை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்வதற்குமுன் எட்டு, பத்து முறைக்கு மேலும் அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். எதை, எப்போது தருவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்துகொண்டு, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையின் பசிக்கு விட்டுவிட்டால், சாப்பாட்டு நேரத்துச் சச்சரவு பாதியாவது ஓயும்.

மாலைநேர அடத்திற்குத் தூக்கக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. தூக்கம் போதாத குழந்தை பெரியவர்களைப்போல் சோர்ந்து உட்காராமல், துள்ளிக் குதித்து எரிச்சலைக் காட்டுவதால், அதைக் குறும்பு என்று நினைத்துவிடுகிறோம். திரை பார்க்கும் நேரம் அந்த வயதில் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே பரிந்துரையில் உண்டு.

வீட்டில் அம்மா மறுத்ததைத் தாத்தா தனியே கொடுப்பதால் குழந்தை கெட்டுவிடாது; ஆளுக்கு ஒரு வழக்கம் என்பது அதற்குச் சீக்கிரமே புரிந்துவிடும். சிக்கல் வருவது, ஒருவர் மறுக்கும்போதே இன்னொருவர் குழந்தையின் கண்ணெதிரில் அதைத் தடுத்துப் பேசும்போதுதான். எந்த இரண்டு மூன்று விஷயங்களில் யாரும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்பதைக் குழந்தை உறங்கிய பிறகு பெரியவர்கள் பேசி வைத்துக்கொள்ளலாம்.

நன்றி. வணக்கம்.