மெயில் நின்றுபோன மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம். பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா ஒருவர் போன மாதம் என் கடைக்கு வந்தார். மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்யும் கல்யாணப் பாய்க்கு அவருக்கு வெளியூர் ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வரும். “வெப்சைட் நல்லாத்தான் தெரியுது தம்பி. மூணு நாளா ஒரு மெயில்கூட வரலையே, என்னன்னு பாருங்க” என்றார்.

அந்த வாரம்தான் வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது வெப்சைட்டை வாடகைக்கு வைத்திருக்கும் வேறு இடத்துக்கு, மாற்றியிருந்தார்கள். டொமைனின், அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் பொதுவான இணையப் பெயரின், நேம் சர்வரையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். வினை அங்கேதான்.

நம் டொமைனைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லும் கணினிதான் நேம் சர்வர். அதில் எழுதி வைத்திருக்கும் வரிகள்தான் ரெக்கார்டுகள். ஏ ரெக்கார்டு, வெப்சைட் இருக்கும் சர்வரின் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரி எண்ணைச் சொல்லும். நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள். சிநேம் என்பது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் கைகாட்டுவது; முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்ட பெயருக்குப் பெரும்பாலும் இதைத்தான் வைப்போம். மெயில் எங்கே போகவேண்டும் என்பதை எம்எக்ஸ் ரெக்கார்டு சொல்லும். இரண்டு எம்எக்ஸ் இருந்தால் சிறிய எண் போட்டதற்குத்தான் முதலில் போகும். 10, 20 என்றிருந்தால் 10-க்கு.

நேம் சர்வரை மாற்றினால் பழைய வரிகள் தானாகவே உடன் வந்துவிடாது. புது இடத்தில் ஏ ரெக்கார்டு மட்டும் இருந்தது, எம்எக்ஸ் இல்லை. வெப்சைட் தெரிந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார்கள்.

நல்லவேளை, பழைய கணக்கை மூடவில்லை. அதிலிருந்து எம்எக்ஸையும், அக்கா பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் டிஎக்ஸ்டி ரெக்கார்டையும் எழுத்துப் பிசகாமல் எடுத்துப் புது இடத்தில் போட்டோம். அனுப்பியவர்களின் சர்வரில் காத்துக்கிடந்த சில மெயில்கள் வந்து சேர்ந்தன. திரும்பிப் போனவை போனவைதான். அதில் எத்தனை கல்யாணப் பாய் ஆர்டரோ என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், டிடிஎல் என்று ஒன்று உண்டு. ஒரு பதிலை வெளியே உள்ள சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அது. 86400 என்றால் ஒரு முழு நாள். பாபநாசத்தில் தண்ணீரை அடைத்தாலும் கீழே கால்வாயில் கிடக்கிற தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடத்தானே செய்யும்? அதுபோல, நீங்கள் ரெக்கார்டை மாற்றிய பிறகும் பழைய பதில் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். பதறிப்போய் மறுபடி மறுபடி மாற்றாதீர்கள். ஏ ரெக்கார்டை மாற்றப்போவது முன்கூட்டியே தெரிந்தால், முதல் நாளே டிடிஎல்லை 300 ஆக்கிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் புதுப் பதில் பரவத் தொடங்கும்.

இன்னொன்று. டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிந்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால், அவரோடு நல்ல உறவு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். அக்கா சாயக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லா ரெக்கார்டையும் எழுதி, பக்கத்திலேயே டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் குறித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்.