பாடத்திட்டம் கொடுக்காத ஒரு கணக்கு ஆசிரியர் பயிற்சி

(திரையில்: 8 + 4 = ☐ + 5)

வணக்கம். இந்தக் கட்டத்துக்குள் என்ன எண் வரும்? வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேருக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தார்கள். 145 பேரும் 12 அல்லது 17 என்றுதான் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமமாக வேண்டுமென்றால் 7 வர வேண்டும். அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். 12 சொன்னவர்கள் 8ஐயும் 4ஐயும் கூட்டி விடையை எழுதிவிட்டு, 5ஐக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 17 சொன்னவர்கள் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டினார்கள். சமக்குறி என்றால் 'இப்போது விடையை எழுது' என்ற கட்டளை என்றே ஆறு வருடமாக நம்பி வந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்ன கட்டுரை 1999இல் வெளிவந்தது. அதை எழுதியவர்களில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உண்டு, வகுப்பில் பாடம் நடத்துகிற ஓர் ஆசிரியரும் உண்டு. இந்தக் கூட்டணி எப்படி உருவானது என்பதுதான் இன்றைய வீடியோ.

(திரையில்: விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன்)

1980களுக்குப் போவோம். மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்பென்டர், எலிசபெத் ஃபென்னெமா என்ற இரு ஆய்வாளர்கள். பள்ளியில் யாரும் சொல்லித் தருவதற்கு முன்பே சின்னக் குழந்தைகள் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பது பற்றி அதற்குள் நிறைய ஆய்வுகள் வந்திருந்தன. அவற்றில் பலவற்றில் கார்பென்டருக்கே பங்கு உண்டு. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று மூன்று கணக்குகளை வைத்துப் பார்ப்போம்.

(திரையில்: 13 கூழாங்கற்கள்)

முதல் கணக்கு. மேரியிடம் 13 மிட்டாய். 5ஐத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். மீதி எத்தனை?

இரண்டாவது. மேரியிடம் 5 மிட்டாய் இருக்கிறது. 13 ஆக இன்னும் எத்தனை வேண்டும்?

மூன்றாவது. மேரியிடம் 13, தம்பியிடம் 5. மேரியிடம் எத்தனை அதிகம்?

உங்களுக்கும் எனக்கும் மூன்றுமே 13இல் இருந்து 5 போனால் 8. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு இவை மூன்றும் வெவ்வேறு கணக்குகள். முதல் கணக்குக்குக் குழந்தை 13 கற்களை எண்ணி வைத்து, அதிலிருந்து 5ஐ எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணும். இரண்டாவதுக்கு 5 கல்லை வைத்து, 13 வரும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு சேர்த்தவற்றை மட்டும் எண்ணும். மூன்றாவதுக்கு இரண்டு வரிசை போட்டு ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்து, ஜோடி கிடைக்காத கற்களை எண்ணும். கதையில் என்ன நடக்கிறதோ அதைத்தான் கை செய்கிறது. நாளாக ஆகக் கல் தேவைப்படாது. 5க்கு அப்புறம் 6, 7, 8 என்று விரல்விட்டு எண்ணும். அதற்கும் அப்புறம், 6ஐயும் 8ஐயும் கூட்டச் சொன்னால், "ஆறும் ஆறும் பன்னிரண்டு, இன்னும் ரெண்டு, பதினாலு" என்று தனக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குத் தாவும்.

சரி, இது ஆசிரியர்களுக்குத் தெரியாதா? அதையும் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேர். அவர்களுக்கு இதில் நிறையத் தெரிந்திருந்தது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. எந்தக் கணக்கு குழந்தைக்கு ஏன் கடினம் என்பதோடு அது கோக்கப்படவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த 40 பேரில் பாதிப் பேருக்கு, கோடை விடுமுறையில் 4 வாரம் பயிற்சி. குழந்தைகள் கணக்குப் போடுகிற வீடியோக்களைப் பார்த்தார்கள். அந்தக் குழந்தை என்ன செய்தது, ஏன் செய்தது என்று பேசினார்கள். தாங்களே குழந்தைகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். 'வகுப்பில் இப்படித்தான் நடத்த வேண்டும்' என்று ஒரு பாடத்திட்டமும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. குழந்தை எப்படி யோசிக்கிறது என்ற அறிவு உங்களுக்கு, அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்ற முடிவும் உங்களுக்கு என்று விட்டுவிட்டார்கள். பணியிடைப் பயிற்சி என்றாலே கையேட்டைக் கொடுத்து 'இதன்படி நடத்துங்கள்' என்று சொல்லிப் பழகிய உலகத்தில், இது ஆசிரியர்மீது வைத்த பெரிய நம்பிக்கை. இந்த அணுகுமுறையின் பெயர் காக்னிட்டிவ்லி கைடட் இன்ஸ்ட்ரக்ஷன், சுருக்கமாக சி.ஜி.ஐ. குழந்தையின் யோசனையைப் பிடித்துக்கொண்டு பாடத்தை நகர்த்துவது.

(திரையில்: 1989)

ஓர் ஆண்டு வகுப்புகளைக் கவனித்தார்கள். முடிவு 1989இல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் கதைக் கணக்குகளுக்கு அதிக நேரமும், கூட்டல் கழித்தல் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்குக் குறைந்த நேரமும் செலவிட்டார்கள். 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பயிற்சி குறைந்ததால் வாய்ப்பாடு மறந்துவிடும் என்றுதானே நினைப்போம்? அந்தக் குழந்தைகளுக்குத்தான் அதுவும் மேலாக நினைவில் இருந்தது.

இதே குழுவின் இன்னொரு ஆய்வு 1993இல் வந்தது. மழலையர் வகுப்புக் குழந்தைகள் 70 பேர். அவர்களுடைய ஆசிரியர்கள் இந்தப் பயிற்சி பெற்றவர்கள். ஒன்பது கணக்குகளில் ஒன்று இது: 19 பிள்ளைகள் மினி பஸ்ஸில் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறார்கள். பஸ்ஸில் 7 இருக்கை. ஓர் இருக்கையில் இரண்டு பேர் அல்லது மூன்று பேர். எத்தனை பேர் மூவராக, எத்தனை பேர் இருவராக உட்கார வேண்டும்? பெரியவர்களுக்கே இது சமன்பாடு போட வைக்கிற கணக்கு. இந்தச் சின்னக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இதைச் சரியாகப் போட்டார்கள். ஏழு கட்டம், 19 கல், பரப்பிப் பார்த்தால் முடிந்தது.

எல்லா ஆசிரியரும் மாறிவிட்டார்களா? இல்லை. 21 ஆசிரியர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது 18 பேரிடம் அடிப்படையான மாற்றம் தெரிந்தது. அந்த மாற்றமும் ஒரே கோடையில் வந்ததல்ல. ஆய்வாளர்கள் வகுப்புக்கே வந்து கூடவே நின்றார்கள். திட்டத்தின் ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, 22 பேரில் அனைவரும் ஓரளவாவது அதைத் தொடர்ந்தார்கள். 10 பேர் தாங்களாகவே மேலும் மேலும் கற்றுக்கொண்டே போனார்கள். தங்கள் வகுப்புப் பிள்ளைகளின் யோசனைகளையே பாடமாக எடுத்துக் கற்றவர்கள் அந்தப் பத்துப் பேர். 22இல் 10 என்பது சிலருக்குக் குறைவாகத் தெரியலாம். யாரும் வந்து பார்க்காத நாளிலும் வளர்கிற ஆசிரியர் பத்துப் பேர் என்பது எனக்குப் பெரிய எண்ணிக்கை.

(திரையில் மறுபடியும்: 8 + 4 = ☐ + 5)

இப்போது இந்தக் கட்டத்துக்கு வருவோம். இதே வேலை அப்புறம் இயற்கணிதத்துக்கு நகர்ந்தது. கலிஃபோர்னியாவில் மதிப்பெண் மிகவும் பின்தங்கிய ஒரு கல்வி மாவட்டம். 19 தொடக்கப் பள்ளிகள், 180 ஆசிரியர்கள், 3,735 மாணவர்கள். ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் ஓராண்டு பயிற்சியில் தங்கள் பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களையே கொண்டுவந்து விரித்து வைத்துப் பேசினார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில், இவர்களுடைய மாணவர்கள் சமக்குறியை மற்றவர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தெளிவு என்றால் எப்படி? 8ம் 4ம் 12, அதில் 5 போக 7 என்று போடுவது ஒரு வழி. சில பிள்ளைகள் கூட்டவே மாட்டார்கள். "இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 5. அங்க ஒண்ணு கூட இருக்கு. அப்ப 8ல ஒண்ணு குறைக்கணும், 7."

அப்படிச் சொன்ன பிள்ளையிடம் ஆசிரியர் அடுத்து என்ன கேட்பார்? பலகையில் இன்னொரு வரி எழுதுவார். கூட்டாமலே சொல்ல வேண்டும்.

(திரையில்: 57 + 38 = 56 + 39. சரியா, தப்பா?)