நிழல் போனால் தும்பி போய்விடும்

நண்பர்களே, இலங்கையின் சிங்கராஜா போன்ற ஈரவலய மழைக்காட்டுக்குள் போனால், ஓடையோரத்து இருட்டில் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். வெளிர்நீலப் புள்ளி ஒன்று தாழ்வாக மிதந்து வந்து ஒரு தண்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் தீக்குச்சியைவிட மெலிந்த கறுத்த உடம்பும், முதுகின் மேல் மூடிய சிறகுகளும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புள்ளி அதன் வால்நுனி. இவைதான் காட்டு ஊசித்தும்பிகள்.

இவற்றில் சிலோனோஸ்டிக்டா, பிளாட்டிஸ்டிக்டா என்ற இரண்டு பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. பலமாகப் பறக்காது, வெயிலை நாடாது, ஓடையின் நிழலை விட்டு அதிகம் நகராது. அதனால் ஒரு மலைச்சரிவில் வாழ்பவை அடுத்த சரிவில் உள்ளவற்றோடு கலப்பது அரிது. தலைமுறைகள் செல்லச் செல்லத் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஓரிரு காடுகளே உலகம் என்று வாழும் இனங்களும் உண்டு.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் தும்பியின் வால்நுனியில் இணைசேரும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கொடுக்குகள் உள்ளன. இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும்; அதை வைத்துத்தான் இனம் பிரிக்க முடியும். பிரேசர் என்ற இராணுவ மருத்துவர் 1930களில் உருவத்தை வைத்தே இவற்றில் சிலவற்றை விவரித்தார். 2016இல் ஆய்வாளர்கள் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து வகைப்பாட்டைத் திருத்தினார்கள். புதிய இனங்களும் பட்டியலில் சேர்ந்தன. இத்தனை சிறிய தீவில், இத்தனை காலத்துக்குப் பிறகும்! எனக்கு அதில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம். பெயர் கிடைக்கும் முன்பே எத்தனை போயிருக்கும்?

மலைநாட்டில் கோப்பிக்காகக் காடு வெட்டினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் வந்தபின் அந்த நிலத்தின் பெரும்பகுதி தேயிலையானது. இன்று எஞ்சியிருப்பவை காட்டுத் துண்டுகள். கரைமரத்தை வெட்டினால் வெயில் விழும், தண்ணீர் சூடாகும், மண் கரைந்து இறங்கும். தும்பியின் இளவுயிரி வளர்வது அந்தத் தண்ணீரில்தானே? சிறு நீர்மின் திட்டங்களோ ஓடையைக் குழாய்க்குள் திருப்பி, கீழே ஒரு நீளத்தைக் காயவிடுகின்றன.

சிங்கராஜா 1988இல் உலக மரபுரிமையானது. சரி, பெரிய விஷயம்தான். ஆனால் காப்பு எல்லைக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவே ஓடும் நிழலோடைகளையும் காக்க வேண்டும் என்பதே என் கட்சி. தோட்டக்காரர்கள் இரு கரையிலும் மரங்களை நிற்க விடுங்கள். அங்கே மருந்து அடிக்காதீர்கள். கமரா வைத்திருப்பவர்கள் மேலிருந்து மட்டும் படம் எடுக்காமல், ஆண் தும்பியின் வால்நுனியைப் பக்கவாட்டில் தெளிவாக எடுங்கள். ஓடையின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துப் பார்க்க வேண்டாம்.